சாலையோரம் கிடைத்த விளக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுகிறேன். இன்று நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வடிவமைப்புப் படிக்க நீங்கள் வெளியூர் கிளம்பிய அன்று எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்து, "கண்ணால பார்த்ததை முதல்ல எழுது, மனசுல பட்டதை அப்புறம் எழுது" என்றீர்கள். அந்த வரிசையில்தான் எழுத முயல்கிறேன். நடுவில் எங்காவது வரிசை தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூவரும் நலம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, ஏணி ஏறும்போது மட்டும் முனகுகிறார். கண்காட்சி மண்டபத்தில் அவரை நிரந்தர எலக்ட்ரீஷியனாக எடுத்துக்கொண்டார்கள். பள்ளி திறக்கப் போவதால் அம்மாவின் தையல் மிஷினைச் சுற்றிச் சீருடைத் துணி இடுப்பளவு கிடக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்பு. நூலகத்தில் இப்போது எனக்கு ஒரே சமயத்தில் நான்கு புத்தகங்கள் தருகிறார்கள்.

இந்த வாரம் அப்பாவின் மண்டபத்தில் மரச்சாமான், விளக்குக் கண்காட்சி. திங்கட்கிழமை அவர் ஓர் அரங்கின் மேடைக்கு அடியில் படுத்துக்கொண்டு வயர் இழுத்துக்கொண்டிருந்தாராம். வெளியே தலையை நீட்டிய நேரத்தில் இரண்டு பேர் ஆளுயரப் படம் ஒன்றை நிறுத்தினார்களாம். பார்த்தால் நீங்கள். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நம்ம தம்பி வந்திருக்கான்! ஆளா இல்ல, படமா!" என்றார். அம்மா வாயில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு, "படத்துக்கு நான் சோறு போட முடியாது. ஆள் எப்ப வருவார்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

ஆள் வரவில்லை. இங்கே கண்காட்சி நடப்பதைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அப்பா அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். "திடீர்னு வந்து வாசல்ல நிக்கலாம்னு இருந்திருப்பான். பாவம், லீவு கிடைச்சிருக்காது" என்றார். பெட்டிகள் பிரிப்பதற்குள் அவரைப் பின்பக்கக் கூடத்துக்கு அனுப்பி, இன்று மாலை வரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அதனால் உங்கள் அரங்கில் என்ன இருக்கிறது என்று அதுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் அங்கே போவதற்கு முன்பே, மண்டபத்தில் காவலாளி முதல் தேநீர் விற்பவர் வரை எல்லோருக்கும் உங்கள் படத்தைக் காட்டிவிட்டார்.

கடைசி நாளான இன்று, ஊழியர் குடும்பத்துக்குத் தரும் அனுமதிச் சீட்டில் அம்மாவும் நானும் போனோம். அம்மா கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டாள். உங்களிடம் கொடுக்கச் சொல்லி உங்கள் ஆட்களிடம் தரலாம் என்று, உங்கள் அளவில் ஒரு சட்டையும் தைத்து எடுத்துக்கொண்டாள். கழுத்தளவு பழையதுதானே இருக்கும் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள்.

கண்காட்சி அழகாக இருந்தது. அதையும் உண்மையாகவே எழுதுகிறேன். பழைய மீன்வலைகளை உருக்கி வார்த்த நாற்காலி ஒன்று கடல் நிறத்தில் இருந்தது. காளானை அச்சில் வளர்த்துச் செய்த விளக்குக் கூண்டைத் தொட்டால் ரொட்டி மாதிரி இருந்தது. ஒரே பலகையை வளைத்து வளைத்து, எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் ஒரு புத்தக அலமாரி. நான் அதன் முன் கால் மணி நேரம் நின்றேன். முதுகில்லாத ஒரு நாற்காலிமேல் "உட்காராதீர்கள்" என்று எழுதியிருந்தது. அம்மா, "உட்கார விடாத நாற்காலிய நம்ம வீட்ல துணி போடுற இடம்னு சொல்லுவோம்" என்றாள். அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிறகு உங்கள் அரங்கு. கூட்டம் அங்கேதான் அதிகம். "இந்தக் கண்காட்சியின் சிறந்த விளக்கு" என்று ஒரு பரிசுப் பட்டை ஒட்டியிருந்தது. நீண்ட மேசையில் பத்து விளக்குகள். மெல்லிய கம்பிக் கை, வட்டத் தகரக் கூண்டு, கூண்டின் விளிம்பில் பிறை வடிவில் ஒரு வெட்டு, மேசையைக் கவ்வும் பிடி, பிடியின் இடப்பக்கம் திருகு.

பத்துக்கும் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் நம் விளக்கு இருந்தது.

நம் விளக்கேதான் சித்தப்பா. உடைந்த குடையின் தண்டு, பிஸ்கட் டப்பா மூடி, பழைய மேசை விசிறியின் பிடி. வயர் ஆடாமல் இருக்க அடிப்பக்கத்தில் நான் ஒட்டிய நோட்டு லேபிளை மட்டும் யாரோ உரித்திருந்தார்கள். கோந்துத் தடம் நான்கு மூலையிலும் அப்படியே இருந்தது. அந்த லேபிளில் என் பெயரும் வகுப்பும் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "அண்ணி, இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா? அங்க படிக்கிறப்ப நம்ம வீட்டு வெளிச்சம் இருக்கும்ல" என்று நீங்கள் கேட்டபோது, மேசையிலிருந்து கழற்றித் தந்தவள் நான். உங்கள் மேசையில்தான் அது எரிகிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினீர்கள்.

பெட்டியின் அருகே ஓர் அட்டை. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். "இதன் மூல வடிவம் சாலையோரக் குப்பையில் வடிவமைப்பாளருக்குக் கிடைத்தது. செய்தவர் யாரென்று தெரியவில்லை. இடப்பக்கத் திருகு, வழக்கத்தை மீறத் துணிந்த ஒரு கையைக் காட்டுகிறது. விளிம்பின் பிறை வெட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. அதுவே அதன் அழகு."

அம்மா அதை முழுவதும் படித்தாள். பிறகு ஒரு புதிய விளக்கின் திருகைத் தன் இடது கையால் திருகிப் பார்த்தாள். அரங்கில் இருந்த இளம்பெண் ஓடி வந்து, "தொடாதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ்" என்றாள். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். "துணிச்சலும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. எழுதுறது, வெட்டுறது எல்லாம் இடது கைதான் போல, அவளுக்கு" என்றாள். அவளுக்கு என்றாள், சித்தப்பா. எனக்கு என்று சொல்லவில்லை.

அந்தப் பெண், "நீங்க இந்த மாதிரி வேலை செய்வீங்களா?" என்று கேட்டாள். "துணி தைப்பேன்" என்று அம்மா சொன்னாள். "இந்தத் திருகுல ஒரு வாஷர் போடச் சொல்லுங்க. ஆறு மாசத்துல மரை தேஞ்சிடும். எங்க வீட்ல ஒண்ணு இருந்துச்சு, அப்படித்தான் ஆச்சு." அந்தப் பெண் சிரத்தையாக அதைக் குறித்துக்கொண்டாள்.

சட்டைப் பொட்டலத்தை அம்மா கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "உங்கப்பாகிட்ட நீ எதுவும் சொல்லக்கூடாது. அவரு ஊரெல்லாம் சொல்லிட்டாரு" என்றாள். சீருடைகளைக் கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று பேருந்து ஏறிப் போய்விட்டாள். நான் அப்பாவோடு வீடு திரும்புவதற்காக இங்கேயே தங்கிவிட்டேன்.

மனதில் பட்டதை இனி எழுதலாம் அல்லவா?

அந்தப் பிறை பயனில்லாததல்ல. ஒரே விளக்கில் நான் படிக்கவும் வேண்டும், மேசைக்கு எதிரே அம்மா ஊசியில் நூல் கோக்கவும் வேண்டும். அதற்காகத்தான் அவள் கத்தரியால் அந்த வெட்டு வெட்டினாள். அது அம்மாவின் பங்கு வெளிச்சம். அவள் வெட்டியபோது மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். உங்கள் கட்டைவிரலில் தகரம் கீறி, அம்மா துணி கிழித்துக் கட்டினாள். அதை எப்படி மறந்தீர்கள்? மறக்கவில்லை என்றால், அந்த அட்டையை எப்படி எழுதினீர்கள்? நான் இதை யோசித்து யோசித்துப் பார்த்தேன். இரண்டில் எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. உங்கள் அரங்குப் பெண் பெட்டிகள் கொண்டுவரப் போனாள். அப்பா வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வோர் அரங்காக விளக்கை அணைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. தம்பியின் அரங்கைக் கடைசிக்கு வைத்திருந்தார், நிதானமாக நின்று பார்க்க. நான் அந்த அட்டையை எடுத்து என் நூலகப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அவர் பார்க்காவிட்டால் அம்மா சொன்னதும் நிறைவேறும், அப்பாவின் முகமும் அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். அவர் மூன்று அரங்கு தள்ளி இருக்கும்போது ஒன்று தோன்றியது. லேபிளை உரித்தபோது நீங்களும் இப்படி ஏதோ ஒரு நல்ல காரணம்தான் நினைத்திருப்பீர்கள். அட்டையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். நான் எதையும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை.

அப்பா படிக்கும்போது உதடு அசையும். இரண்டு முறை அசைந்தது. பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு முன் குனிந்து, முழங்கால் வலியையும் பார்க்காமல், அடிப்பக்கத்துக் கோந்துத் தடத்தைப் பார்த்தார். "அம்மா பார்த்தாளா?" என்று கேட்டார். பார்த்தாள் என்றேன். "என்ன சொன்னா?" வாஷர் போடச் சொன்னாள் என்றேன். மெதுவாக நிமிர்ந்து, "சின்ன வயசுல இருந்தே அவன் எதையும் கேட்டுட்டுத்தான் எடுப்பான்" என்றார். அவ்வளவுதான். உங்கள் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

விளக்கைக் கேட்டீர்கள். அதற்கு மேல் எடுத்ததைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா அதையும் கொடுத்திருப்பாள்.

இந்தக் கடிதத்தை உங்கள் மேசையில், உங்கள் விளக்குக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முடிக்கும்வரை அணைக்காமல் அப்பா காத்திருக்கிறார். வெளிச்சம் கண்ணை உறுத்தாமல், தாளில் மட்டும் விழுகிறது. உண்மையாகவே நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் இவை வேறு ஊருக்குப் போகுமாம், அந்த அட்டையோடு. சித்தப்பா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பரிசை வைத்துக்கொள்ளுங்கள். என் லேபிளும் வேண்டாம், அம்மாவின் பெயரும் வேண்டாம். "என் அண்ணி செய்தது" என்று மட்டும் அந்த அட்டையில் மாற்றுங்கள். சட்டையை அம்மா மடித்து வைத்திருக்கிறாள். கழுத்தளவு இப்போது என்னவென்று, முடிந்தால், அவளுக்கே எழுதுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: இதைப் பேருந்து நிறுத்தத்தில் எழுதுகிறேன். கடிதத்தை மடித்ததும் அப்பா, "நீயே அணைச்சிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார். பத்து விளக்குகளுக்கும் ஒரே ஸ்விட்ச்தான். அணைத்துவிட்டேன்.