இறக்கைக்குப் பின்னால், வலப்பக்கம்

ஜனவரி 7, செவ்வாய். கொட்டாஞ்சேனை.
மகள் ரொஷேல் றியாத்திலிருந்து எங்கள் இருவருக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டாள். 24ஆம் தேதி காலை. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு முதல் பிளேன். மகளைப் பார்க்கப் போகிற சந்தோஷம் எங்கே போனது? பிளேன் ஆடுமோ, விழுமோ என்றுதான் யோசனை ஓடுகிறது.

என் புருசன் டெரிக்குக்கோ ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பாலைவனத்தில் பத்தொன்பது வருடம் தண்ணி பவுசர் லொறி ஓட்டிய மனுசன். "சீட்டைப் போனிலேயே எடுக்கலாம், பிறிஜெற். வலப்பக்கம் எடு. காலமை வெயில் இடப்பக்கம் அடிக்கும், கண் கூசும். இறக்கைக்குப் பின்னால, ஜன்னல். அந்தக் காலம் போக வர எல்லாம் ராத்திரி பிளேன். நான் ஓடின ரோட்டை மேல இருந்து ஒருக்காப் பாக்கோணும், கண் இருக்கேக்கையே."

கண் அழுத்தத்துக்கு மூன்று வருடமாகச் சொட்டு மருந்து விடுகிறார். கேட்டால், "நல்லாத் தெரியுது" என்பார்.

ஜனவரி 9
மேல்வீட்டு நஸீறா குவைத்துக்குப் பல தரம் போய் வந்தவள். "பின்னுக்கு இரிக்காதீங்க அக்கா, அங்கதான் குலுக்கும். றெக்கைக்கு மேல எடுங்க."

இறக்கைக்கு மேல் இருந்தால் கீழே என்ன தெரியும்? இறக்கைதான் தெரியும். எனக்கு அது போதும்.

ஜனவரி 12, ஞாயிறு
செய்துவிட்டேன். 14 ஈ, 14 எஃப். சரியாக இறக்கைக்கு மேல். பின்னால் எல்லாம் போயிட்டுது என்று டெரிக்கிடம் சொன்னேன். பூசை கண்டு வந்த வாயால் பொய்!

"காட்டு பாப்பம்" என்று போனை வாங்கினார். பச்சை என்றால் காலி. இருபதாம் வரிசைக்குப் பிறகு முழுக்கப் பச்சை. பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன். போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார்.

"ஓம், எல்லாம் போயிட்டுதுதான். என்ன செய்யிறது" என்றார்.

அப்பாடா என்று குசினிக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றும்போதுதான் உறைத்தது.

ஜனவரி 13
அவருக்குத் தெரியேல்ல. அந்தப் பச்சை அவருக்குத் தெரியவே இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்
கொச்சிக்கடைக் கோயிலுக்கு, அந்தோனியாரிடம் போனேன். போன செவ்வாய் நான் கேட்டது, பிளேன் ஆடக்கூடாது என்று மட்டும். டெரிக்கின் கண்ணுக்கு ஒரு மெழுகுதிரிகூட இல்லை. என்ன பெண்சாதி நான்? இன்று கொளுத்தினேன்.

வீட்டில் கவனிக்கிறேன். கோப்பையை மேசையில் தடவித்தான் எடுக்கிறார். எத்தனை நாளாக? பஸ் நம்பரை என்னிடம் கேட்டபோதெல்லாம், சோம்பல் என்று ஏசியிருக்கிறேன்.

ஜனவரி 16
கேட்டேவிட்டேன்.

"போன மாசமே டாக்குத்தர் சொல்லிட்டார். போனது திரும்பாதாம், மிச்சத்தைக் காப்பாத்தலாமாம். உனக்குச் சொன்னா நீ மகளுக்குச் சொல்லுவாய். ரெண்டு பேருமாப் பயணத்தை நிப்பாட்டுவியள்."

நானும் என் பொய்யைச் சொன்னேன். "அடி கள்ளி!" என்று சிரித்தார். எனக்கு அழுகை. சீட்டை மாற்றினேன். 26 ஈ, 26 எஃப்.

ஜனவரி 20
நித்திரை இல்லை. இருபத்தாறாம் வரிசை. அங்கதான் குலுக்கும். மாதாவே.

ஜனவரி 24, வெள்ளி. றியாத், ரொஷேல் வீடு.
ஜன்னலில் அவரைத்தான் இருத்தினேன். கடல் முடிந்து மண் வந்ததும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் வெள்ளையாத்தான் கிடக்குது" என்றார். பிறகு எழும்பினார். "நீ இங்கால வா. பாத்துச் சொல்லு."

நானா? கீழே பார்ப்பதா? பெல்ட்டைக் கழற்றினேன். ஜன்னல் சீட்டில் போய் இருந்தேன்.

மண் சிவப்பு என்றேன். வரி வரியாக, கடற்கரை மணலில் காற்று கீறினது மாதிரி. பிளேன் இறங்கத் தொடங்கியபோது ஒரு கறுத்த ரோட்டு, நேர்கோடாக. அதில் வெள்ளையாக ஏதோ ஊர்ந்துகொண்டு போனது.

"பவுசராத்தான் இருக்கும். எந்தப் பக்கம் போகுது?"

அப்போதுதான் குலுக்கத் தொடங்கியது. "அந்தோனியாரே!" என்று கத்திவிட்டேன், முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். டெரிக் என் கையைப் பிடித்தபடி, "சொல்லு, பிறிஜெற், எந்தப் பக்கம்?" என்றார்.

நான் கண்ணை மூடவில்லை. மூடினால் அவருக்கு ரோட்டு விட்டுப்போகும்.