ஸ்டார்ட் பட்டன் இல்லாத கம்ப்யூட்டர்

மேற்குத் தாம்பரம்
14.8.2006

அன்புள்ள அப்பாவுக்கு, ரெஜினா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? போனில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்பதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் ஆபீசில் ஒரு கூத்து. நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் சர்வரில், அதாவது விண்டோஸ் இல்லாமல் எழுத்துகளைத் தட்டியே ஓட்டும் கம்ப்யூட்டரில், பிராட்பேண்ட் இன்டர்நெட் வேலை செய்யவில்லை. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். லைன் பார்க்க வந்த துலுக்காணம் அண்ணன் கறுப்புத் திரையைப் பார்த்து, "இன்னாம்மா, ஸ்டார்ட் பட்டனே இல்லாத கம்ப்யூட்டரா கீது! லைன் நல்லாத்தான் கீது, உன் பொட்டியப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. வெளியே உள்ள ஒரு கம்ப்யூட்டரின் எண்ணைக் கொடுத்து 'பிங்' செய்தேன். இருக்கிறாயா என்று கேட்பதுதான் பிங்; இருக்கிறேன் என்று மட்டும் பதில் வரும். வந்தது. பெயரைக் கொடுத்தால்தான் வரவில்லை. பெயர்களுக்கு எண் தேடித் தரும் சர்வரின் முகவரியில் ஓர் இலக்கம் தப்பு. முந்தின நாள் அதைத் தட்டியது நான்தான். முதலாளியிடம் சொல்லவில்லை.

இலக்கத்தைத் திருத்தி எல்லாம் சரியான பிறகும் பிங்கை நிறுத்த மனம் வரவில்லை. நொடிக்கொரு பதில் வந்துகொண்டே இருந்தது. ரூமுக்குப் போனால் யார் இருக்கிறார்கள்? அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் செல்லுக்கு மிஸ்டு கால் கொடுப்பேன். காதில் வைக்க வேண்டாம். செல்லில் வெளிச்சம் தெரிந்ததும் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், போதும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஏழு மணி, மறக்காதீர்கள் அப்பா.

ரெஜினா