செட்டாகாது

புரட்டாசி, வெள்ளி இரவு.

வரனாக வந்த பாபநாசத்துப் பையனோடு பேசிவிட்டு, மகள் சென்னையிலிருந்து போனில் சொன்னது ஒரே வார்த்தை: "செட்டாகாதும்மா."

எனக்குச் செட் என்றால் நடவு வயலில் கூட நின்ற பெண்கள். சேறு கழுவ பம்புசெட். அப்புறம் என் கல்யாணத்து மேளசெட்.

வரப்பில் வருகிறவரை மறித்துக் காசு கேட்பது எங்கள் செட்டின் வழக்கம். என்னைப் பெண் பார்க்க வந்த இவரையும் மறித்தார்கள். சட்டைப்பையில் காசில்லை. வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கி, ஒரு வரிசை நட்டார். செட்டே சிரித்தது.

இதை மகளிடம் சொன்னேன்.

"அப்பா நேரா நட்டாரா?"

"கோணல்தான்."

"பிடுங்கி நட்டீங்களா?"

"அறுப்பு வரைக்கும் அந்த வரிசைய யாரையும் தொடவிடலடி."

அவள் போனை வைக்கவில்லை. "அவன்கிட்ட இன்னொரு தடவ பேசிப் பாக்கவாம்மா?" என்றாள்.