பெட்டிக்கு ஒரு சாண் குழி

சக்குபள்ளம், வெள்ளி இரவு

எரித்த சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யத் தடையில்லை என்று மறைமாவட்ட அலுவலகக் குருவானவர், பத்திரிகை நிருபரான என்னிடம் இன்று மாலை போனில் உறுதிசெய்தார். ஆற்றில் கரைப்பதும் வீட்டில் வைத்திருப்பதும்தான் கூடாதாம்.

காலையில் தேவாலயப் பங்குப் பேரவைச் செயலாளர் அந்த இரண்டையும்தான் மரியபுஷ்பத்துக்கு யோசனையாகச் சொன்னார். அவள் ஏலத்தோட்டத் தொழிலாளி. மும்பைக்கு வேலைக்குப் போன மகன் அங்கே இறந்தான். உடலைக் கொண்டுவர வழியில்லாமல் கூட்டாளிகள் எரித்து, சாம்பலைப் பெட்டியில் அனுப்பியிருக்கிறார்கள்.

"எரிச்சாச்சுல்லா, இனி எதுக்குக் குழி? ஆத்துல விட்டிரு. இல்லன்னா வீட்டுல வச்சுக்கோ."

"அவன் அப்பா குழியிலயே ஒரு சாண் தோண்டுனாப் போதும், அண்ணாச்சி. ஒங்க மகன்னா ஆத்துல விடுவியளா?"

மாலையில் குருவானவர் சொன்னதைச் செயலாளரிடம் சொன்னேன். சிரித்தார். "பேப்பர்காரருக்கு சிமித்தேரிக் குழி விஷயத்துல என்ன சோலி?"

இப்போதும் கோபம் அடங்கவில்லை. திருச்சபை கூடாது என்பதையே, திருச்சபையின் பேரால், ஒரு தாயிடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்து பேரவை கூடி முடிவு சொல்லும். அதுவரை பெட்டி தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவள் வீட்டில், சோற்றுப்பானைக்கு மேல் பலகையில் இருக்கும். கணவன் குழிமேட்டுப் புல்லை அவள் இன்றே செதுக்கிவிட்டாள்.