வண்டி போட்ட மார்க்

ஜனவரி 12, திங்கள்

காலஞ்சென்ற என் வீட்டுக்காரர் வாங்கிய பழைய காரை ஆனந்தகுமார் என்னைக் கேட்காமலே விற்றுவிட்டான். பெங்களூரிலிருந்து வந்த என் ஒரே மகன், புதியதை வாசலில் நிறுத்திவிட்டு, "அம்மா, இது தானே பிரேக் போடும், கோடு தாண்டினா தானே ஸ்டியரிங்கைத் திருப்பும். நீங்க சும்மா உக்காந்தாப் போதுமுங்க" என்றான். சும்மா உட்கார வீட்டிலேயே நாற்காலி இருக்கிறது.

நிபந்தனை ஒன்று உண்டு. நான் ஓட்டுவதற்கு வண்டி நூற்றுக்கு மார்க் போடுமாம், அது அவன் போனுக்குப் போகுமாம். அறுபதுக்குக் கீழே இறங்கினால், தோப்பு வேலை பார்க்கும் ஆறுச்சாமியிடம் சாவி போய்விடும். "எழுபத்திரண்டு வயசுங்கம்மா" என்றான், எனக்குத் தெரியாத செய்தி மாதிரி.

கான்வென்டில் கத்தரீனாள் சிஸ்டரிடமே தொண்ணூற்றாறு வாங்கியவள் நான். லைசன்ஸ் எடுத்து நாற்பத்தேழு வருடம். பார்ப்போம்.

ஜனவரி 14, புதன்

பாலக்காட்டுச் சித்தூர் வரை போய்வந்தேன். வண்டியின் நடத்தை: படபடப்பு, ஓயாத கூச்சல். ஆடு வந்தால் அலறுகிறது. எதிரே லாரி வருகிறதே என்று மண்ணில் இறங்கி ஒதுங்கினால், கோட்டைத் தாண்டிவிட்டேனாம் — ஸ்டியரிங்கை என் கையிலிருந்து பிடுங்கி லாரியை நோக்கித் திருப்புகிறது. இது பாதுகாப்பு!

எனக்குப் போட்ட மார்க்: 64.

ஜனவரி 17, சனி

வெயிலுக்குக் கருப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். நான் தூங்குகிறேன் என்று தீர்மானித்து, திரையில் ஒரு காபிக் கோப்பையைக் காட்டிற்று. நிறுத்தி இளைப்பாற வேண்டுமாம். அறிமுகமில்லாதவர் காபிக்குக் கூப்பிட்டால் போகும் வழக்கம் எனக்கில்லை. 61.

ஜனவரி 18, ஞாயிறு

ஆறுச்சாமியை ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். கோட்டுக்கு நடுவே தேர் மாதிரி போனான். ஒருவருக்கும் ஒதுங்கவில்லை. பைக்கில் வந்த ஒருவன் தென்னந்தோப்புக்குள் இறங்கித் தப்பித்தான். மார்க் 91!

"வண்டிக்கு என்னையப் புடிச்சுப் போச்சுங்கம்மா" என்கிறான்.

ஜனவரி 27, செவ்வாய்

கொள்ளு அறுப்பு. ரோட்டில் செடியைப் பரப்பிவிட்டார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறிப் போனால் காய் வெடித்து மணி உதிரும். எங்கள் பெருமாட்டிப் பக்கம் யாரும் இதைக் கேள்வி கேட்டதில்லை. என் வண்டிக்கு மட்டும் அது மதில் சுவர். நட்ட நடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் மூன்று டிராக்டர்.

செடி பரப்பிய பூமாரி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "ஏனுங்கம்மா, இதுக்குக் குதுரையே தேவுலைங்க. கொள்ளைக் கண்டா ஓடியாவது வருமுங்க."

வண்டியோடு வந்த புத்தகம் முழுவதையும் படித்தேன். ஒரு பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் அந்தத் தானியங்கி பிரேக் அடங்கும். ஆனால் எஞ்சினை அணைத்துப் போட்டால் மறுபடி விழித்துக்கொள்ளும். ஆகவே இனி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அழுத்துவேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்



பேங்கிலிருந்து திரும்பும்போது பொத்தானை அழுத்த மறந்தேன். கொள்ளுச் செடிக்கு முன்னால் வண்டி அறைந்த மாதிரி நின்றது. "சனியனே!" என்று கத்தினேன் — ஆமாம், நான்தான். செடிக்கு நடுவிலிருந்து பூமாரி எழுந்தாள். உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். காய்ந்த கொள்ளின் நிறத்திலேயே சேலை. பம்பருக்கும் அவளுக்கும் ஒரு முழம்.

நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லையே — எப்படி?

"என்ன கண்ணுங்கம்மா உங்குளுக்கு! வேற ஆரா இருந்தாலும் ஏத்தியிருப்பாங்க" என்று கும்பிட்டாள்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டினேனே!

பிப்ரவரி 4, புதன்

மார்க் 38. குற்றம்: திடீர் பிரேக். தான் போட்ட பிரேக்குக்கு என் மார்க்கைக் குறைக்கிறது.

ஆனந்தகுமார் போன் செய்தான். "சாவியைக் குடுத்துருங்கம்மா." பக்கத்தில் நின்ற ஆறுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. போனைப் பார்த்துக் கத்தினான்: "ஏனுங் தம்பி, அம்மா பிரேக்குப் போடுலீன்னா பூமாரி செத்திருப்பாளுங்க. ஊரே அம்மாளைத்தானுங்க பேசுது!"

மகன் மன்னிப்புக் கேட்டான். "அந்த மிசினுக்கு என்னங்கம்மா தெரியும்? நீங்களே ஓட்டுங்க."

ஜெயித்துவிட்டேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பூமாரி வீட்டுக்கு நடந்தே போனேன். அன்றைக்கு நிறுத்தியது நானில்லை என்றேன்.

"அப்பறம் ஆருங்க? வண்டியில நீங்க ஒருத்தர்தானுங்களே இருந்தீங்க?"

"வண்டிதான் நின்றது. நான் உன்னைப் பார்க்கவில்லை."

"போங்கம்மா, பெரியவங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்று மோர் கொடுத்தாள். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. என் பெயர் இன்னும் ஒரு சுற்று பெரிதானதுதான் மிச்சம்.

ஆனந்தகுமாருக்குப் போன் செய்து சொன்னேன். அவன் நம்பினான். சாவியைப் பற்றி அவன் கேட்கவில்லை — நல்ல பிள்ளை.

பிப்ரவரி 9, திங்கள்

கண் டாக்டரைப் பார்க்கப் பாலக்காடு. சாவியை ஆறுச்சாமியிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். ஆறுச்சாமி பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தான். "பின்னால் பார்" என்று சொன்னேன், வண்டி அலறுவதற்கு முன்னால்.