மீளாதவர்களின் பானை

நலம் சூழ்க. ஏழு ஏரிக்கு இறைவர், செம்பாறை நாட்டுக் கோமகனார் வல்லபன் ஆதனாரின் அடிநிழலில் நிற்கும் பேரமைச்சன் விடங்கன் நக்கன், வடகணவாய்க் காவல் தலைவர் எயினன் மாவலியாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குதிரையும் குறைவின்றி இருக்க. இவ்வளவு வாசித்ததும் ஓலையைக் கீழே வைத்து, கணவாய் வாயிலை அடைக்கச் சொல்லிவிட்டு, பின்னர் மேலே வாசிக்க.

குடிகள் எதையும் எண்ணிப் பார்த்துத் தெளிய வேண்டும் என்று மன்னர் விரும்பியதால், சுங்கச் சாவடியில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. சிலரைக் கேட்டுப் பலரை அறிவது எப்படி, யாரை மட்டும் கேட்டால் ஏமாறுவோம் என்பதைக் கணக்காசிரியை வெள்ளிநங்கையார் குயவர்க்கும் ஓடக்காரர்க்கும் கற்பித்தார். முதல் நாள் இவ்வோலை விடுக்கும் நக்கனும் போனான். கற்கப் போகவில்லை, பெருமையடிக்கப் போனான். கணவாய்க்கு அப்பாலுள்ள புதுநிலத்துக்குக் குடிகளை அனுப்பலாமா என மன்னர் வினவியபோது, அவ்வழி சென்று மீண்ட வண்டிக்காரர் ஐம்பத்திரண்டு பேரையும் ஒருவர் விடாமல் விசாரித்ததாகவும், அத்தனை பேரும் நல்ல வழி என்றே சொன்னதாகவும், இதற்கு மேல் சான்று எதற்கு என்றும் மார்தட்டினான்.

வடவாயிலில் மாடுகளுக்கு லாடம் அடிக்கும் சாத்தி என்பவள் எழுந்து, அமைச்சர் பெருமான் மீண்டவர்களைக் கேட்டார், மீளாதவர்கள் என்ன சொன்னார்கள் என்று பணிவாக வினவினாள். சாவடியே கொல்லென்று சிரித்தது. எல்லாரினும் உரக்கச் சிரித்தவன் நக்கன். வெள்ளிநங்கையார் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை நாற்பது குடும்பங்கள் நாற்பது வண்டிகளில், நக்கனின் சொல்லை நம்பிப் புறப்பட்டன. அவற்றுள் ஒன்றில் அவன் மகள் பூவணி கைக்குழந்தையோடு ஏறினாள்.

அதன் பின் ஆசிரியை இரண்டு பானைகளை வைத்தார். சாத்தியின் கைபடாமல் எந்த மாடும் வடவாயிலைத் தாண்டுவதில்லை என்பதால், இவ்வாண்டு கணவாய் நோக்கிப் போன வணிகர் வண்டி ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு புளியங்கொட்டையை முதல் பானையில் இட்டாள். மொத்தம் நூற்றுப்பதினெட்டு. மீண்ட வண்டிகளின் கொட்டைகளை மற்றப் பானைக்கு மாற்றிய பிறகும் முதல் பானையில் அறுபத்தாறு கிடந்தன. அவர்கள் அங்கேயே வளமாகத் தங்கியிருப்பர் என்று நக்கன் சாதித்தான். மாணாக்கர் வாதம் செய்யவில்லை. மீண்ட வண்டிக்காரர்களை மறுபடியும் தேடிப் போய், எதுவரை போனீர்கள் என்று மட்டும் கேட்டனர். நக்கன் கேட்க மறந்தது அதைத்தான். அச்சு முறிந்தோ, காய்ச்சல் கண்டோ, மாடு நொண்டியோ, ஐம்பத்திரண்டு பேரும் கணவாய்க்கு இப்புறமுள்ள சுனையிலேயே திரும்பியவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, சுனைவரை நல்ல வழிதான். கணவாயைக் கடந்தவர்களில் மீண்டவர் ஒருவரும் இலர்.

அப்பால் என்ன இருக்கிறதென்று நக்கன் அறியான். தாங்களும் அறிய மாட்டீர்கள். தங்கள் காவலர் போகிறவர்களை வாழ்த்தி அனுப்புவதோடு சரி. கணவாய்க்கு வண்டியில் பன்னிரண்டு நாள், குதிரையில் மூன்று நாள். குடிகளுக்கு இன்று ஒன்பதாம் நாள். இக்குதிரை அவர்களை முந்தலாம், முந்தாமலும் போகலாம்.

ஆகவே ஆணையாவது: வண்டிகள் வந்தால் திருப்புக. அமைச்சன் மகள் என்று ஒருத்தி அதட்டினாலும் வாயிலைத் திறவற்க. அவள் தகப்பனைப் போலவே பிடிவாதக்காரி. முன்பே கடந்துவிட்டனவெனில், தேடிப்போக ஒருவரையும் அனுப்பற்க. தேடிப் போகிறவர்களும் அந்த முதல் பானைக்கே போவார்கள். இவ்விடத்தில் எழுத்து சிதைந்திருப்பது ஓலையின் பழுதன்று. மற்றதெல்லாம் எழுத்தர் எழுதியது, இவ்வாணை மட்டும் நக்கன் தன் கையால் கீறியது.

எருது முத்திரை இடப்பட்டது. மன்னர் சொல் இதுவே, மாறற்க. மறுமொழியாக நலம் விசாரிக்க வேண்டா. திருப்பிய வண்டிகள் எத்தனை என்று எண் ஒன்று மட்டும் எழுதி விடுக்க. முதல் பானையில் சாத்தி நேற்று இன்னும் நாற்பது கொட்டைகள் இட்டிருக்கிறாள்.