கவுன்டருக்கு வர வேண்டியவர்

2006 ஏப்ரல் 3, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. இனி வண்டி இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க ஆர்.சி. ஜெராக்ஸ், வரி ரசீது, பழைய பாலிசி என்று யாரும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். நாங்கள் ஒருமுறை காகிதங்களைச் சரிபார்த்து, கம்ப்யூட்டரில் பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டால் போதும். அவர்கள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தே கார்டில் பணம் கட்டிக்கொள்ளலாம். டிக் இல்லாதவர்கள் மட்டும் கவுன்டருக்கு வர வேண்டும். மே கடைசிக்குள் எல்லாக் கோப்பும் முடியணுமாம்.

பதினாறு வருஷமாக இந்தக் கவுன்டரில் உட்கார்ந்து, ‘ஒரு ஜெராக்ஸ் குறையுது’ என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! நல்லதுதான் என்று மேனேஜர் சுந்தரத்திடம் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

ஈஸ்டர். சொந்த ஊரான கே.ஜி.எஃப்.புக்குப் போகவில்லை. அம்மா போன பிறகு அங்கே யார் இருக்கிறார்கள்? சர்ச் முடிந்து லிங்கராஜபுரம் அறைக்கு வந்து முட்டைக் குழம்பு வைத்தேன். மூன்று வேளைக்கு வந்தது.

மே 12, வெள்ளி

இன்று தனக்கோடியின் கோப்பு கைக்கு வந்தது.

ஈஜிபுராவில் இருக்கிறார். லிப்ட் மெக்கானிக். மனைவி இல்லை. ஒன்பது வருஷமாக, ஜூன் 16-இல் பாலிசி முடிவதற்குள் ஒரு நாள் பழைய ஸ்கூட்டரில் வருவார். ஐந்து நிமிஷ வேலைக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எந்தக் கட்டடத்தில் எந்த லிப்ட் மக்கர் பண்ணுகிறது, எந்த முதலாளி நடுவில் மாட்டிக்கொண்டு அழுதார் – எல்லாம் சொல்வார். நான் சிரித்துச் சிரித்து ரசீதில் தப்பாக எழுதுவேன். பிறகு, “மணி ரெண்டாகுதே, சாப்டீங்களா மேடம்?” என்பார். இந்த ஊரில் என்னை வேறு யார் அப்படிக் கேட்கிறார்கள்?

வருஷத்தில் ஒரு நாள். அதற்கென்று புடவை எடுத்து வைக்கிற கிறுக்கி நான். நாற்பத்து நான்கு வயசு.

அவர் காகிதங்களில் ஒரு குறை கிடையாது. டிக் போடாமல் கோப்பை மூடிவிட்டேன்.

மே 31, புதன்

சுந்தரம், “ஒண்ணே ஒண்ணு பாக்கி காட்டுதே பிரிசில்லா?” என்றார். “பேப்பர் வரணும் சார்” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

ஜூன் 16, வெள்ளி

வரவில்லை. மூன்று மணி வரை சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஐந்தரைக்கு ஷட்டரை இறக்கினார்கள்.

ஜூன் 17, சனி

இன்றும் வரவில்லை. பாலிசி நேற்றோடு முடிந்துவிட்டது. உடம்புக்கு ஏதாவதா? போனை எடுத்தேன், வைத்தேன். என்னவென்று பேசுவது?

ஜூன் 20, செவ்வாய்

வந்தார். பஸ்ஸில்.

மகள் பாமாவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ‘எதுக்குப்பா அலையறீங்க’ என்று தன் கார்டு நம்பரைக் கொடுத்து, கட்டும் விதத்தைப் போனில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பிரவுசிங் சென்டரில் முயன்றிருக்கிறார். ‘அலுவலகத்தை அணுகவும்’ என்றே வந்திருக்கிறது. சனிக்கிழமை காலை இங்கே வருகிற வழியில் போலீஸ் நிறுத்தி, இன்ஷூரன்ஸ் இல்லை என்று வண்டியைப் பிடித்துக்கொண்டது.

“முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன் மேடம். ஒரு போலீஸ்காரன்கிட்ட தலை குனிஞ்சதில்ல. நடுரோட்ல, அத்தன பேர் பாக்க, ‘பேப்பர் எல்லி, பேப்பர் எல்லி’ன்னு, பேப்பர் எங்கேன்னு கன்னடத்துல என் மக வயசுப் பையன் கத்தறான்.”

பிளாஸ்டிக் கவரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். முதல் வருஷ வரி ரசீதுகூட இருந்தது. “என் பேப்பர்ல என்ன கொறைன்னு மட்டும் சொல்லுங்க மேடம். சரி பண்ணிடறேன்.”

‘கம்ப்யூட்டர் தப்பு’ என்றேன். அவர் கண்ணெதிரிலேயே டிக் போட்டுப் பாலிசி கொடுத்தேன். “நீங்க இருக்கப்போய் ஆச்சு” என்று கும்பிட்டார். ஐயோ – கும்பிட்டார். அடிப் பாவி, நீ நல்லா இருப்பியா?

ஜூன் 24, சனி

அரை நாள் முடிந்து ஈஜிபுராவுக்குப் போனேன். கோர்ட்டில் அபராதம் கட்டி வண்டியை மீட்டு, வாசலில் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நாற்காலி எடுக்க உள்ளே திரும்பினார். உட்கார்ந்தால் வாய் வராது என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் தப்பு இல்லை. உங்கள் பேருக்கு நான்தான் வேண்டுமென்றே டிக் போடவில்லை.

துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். “ஏன் மேடம்?”

“போட்டா நீங்க வர மாட்டீங்களே.”

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தரையைப் பார்த்துக்கொண்டு, “சொல்லியிருந்தா வந்திருப்பேனே” என்றார்.

பஸ் ஸ்டாப்பைப் பார்த்துத் திரும்பி நடந்தேன். பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். யார் பார்த்தால் என்ன?

2007 ஜூன் 4, திங்கள்

ஜூன் வந்துவிட்டது. எதிர்பார்க்கக் கூடாது. தெரியும். இருந்தாலும் தலைக்குச் சாயம் போட்டிருக்கிறேன்.

ஜூன் 11, திங்கள்

கம்ப்யூட்டரில் கட்டியவர்களின் பட்டியல் காலையில் வந்தது. பதினேழாவது பெயர் தனக்கோடி. போன வருஷம் 20-ஆம் தேதி போட்ட பாலிசி முடிய ஒன்பது நாள் இருக்கும்போதே கட்டிவிட்டார். நேற்று காலை பதினொன்று இருபதுக்கு. திங்கள் முதல் சனி வரை நாங்கள் திறந்திருக்கிறோம். அவர் ஞாயிற்றுக்கிழமை கட்டியிருக்கிறார்.

சுந்தரத்துக்கு ஒரே சந்தோஷம். “இந்த வாட்டி ஒருத்தர்கூட பாக்கி இல்ல. இனிமே உங்க கவுன்டருக்கு யாரும் வர மாட்டாங்க பிரிசில்லா, நிம்மதியா இருங்க” என்றார்.

சரி சார் என்றேன்.